டைனோசருக்கு அடுத்த அடுக்கில் எதைத் தேடுவது, எப்படித் தேடுவது

புதைபடிவம் தேடிக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் டைனோசர் எலும்பைத்தான் வைத்திருக்கிறார்கள். அது வரும் அடுக்கு முடிந்ததும் "இனி ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமே அங்கேதான். அதற்கு மேலே இருக்கும் பாறையில்தான் பாலூட்டிகள் தலையெடுத்த கதை, அதாவது நம் கதை, கிடக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகாட்டான் பக்கம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமான விண்கல் விழுந்து, உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்துபோனது. அங்கே தொடங்கி 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை ஓடும் அந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குத்தான் பேலியோசீன் என்று பெயர். இந்த அடுக்குகளில் பெரிய எலும்பு அபூர்வம். பல், செதில், ஆமை ஓட்டுத் துண்டு, இலை அச்சு, மகரந்தம் என்று எல்லாமே சின்னது, உடைந்தது, பார்த்தவுடன் கல் மாதிரியே தெரிவது. அதனால் தேடும் முறையையும் கண்ணின் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை, நீங்கள் நிற்கும் இடம் அந்த அழிவுக் கோட்டுக்கு மேலா, கீழா என்று தெரிந்துகொள்வது. இது தெரியாமல் எதையும் எடுத்துப் பையில் போடாதீர்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதி இதைக் கற்றுக்கொள்ள அருமையான இடம். கீழே இருப்பது ஹெல் க்ரீக் அடுக்கு, மங்கிய சாம்பல் நிற மண்கல்லும் மணற்கல்லும், டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்பு டைனோசரின் எலும்பு வருவது இதில்தான். அதன் மேலே ஃபோர்ட் யூனியன் அடுக்கு, வெளிர் மஞ்சள் பட்டை பட்டையாக, இடையிடையே கறுப்பு நிலக்கரிப் படலங்களோடு இருக்கும். இரண்டும் சேரும் இடத்தை ஒட்டி வரும் நிலக்கரிப் படலத்துக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் இசட் நிலக்கரி. தூரத்தில் நின்று எல்லையை ஏறத்தாழப் பிடிக்க அது போதும். ஏறத்தாழ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிலக்கரி எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் படிந்ததில்லை, சில இடங்களில் கோட்டுக்கு மேலே சில மீட்டர் தள்ளியும் வரும்.

உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் ஆய்வகம் வேண்டும். பூமியின் மேற்பரப்புப் பாறையில் மிக அரிதான, விண்கற்களில் அதிகமாக இருக்கிற இரிடியம் என்ற உலோகம் அந்தக் கோட்டின் களிமண்ணில் அளவுக்கு மீறி இருக்கிறது. லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்டர் அல்வாரெஸ், கூட இரண்டு வேதியியலாளர்கள் சேர்ந்து 1980இல் இத்தாலியின் குப்பியோவிலும் டென்மார்க்கின் ஸ்டீவன்ஸ் க்ளின்ட் கடற்கரைப் பாறையிலும் அளந்து காட்டியது இதைத்தான். இரிடியம் பார்க்க வசதியில்லாதவர்களுக்கு மகரந்தம் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே பலவகைப் பூக்கும் தாவரங்களின் மகரந்தம் கலந்து வரும், கோட்டுக்கு உடனே மேலே அது சட்டென்று குறைந்து பெரணியின் சிதல்கள் (விதைக்குப் பதிலாக அது பரப்பும் நுண்தூள்) குவியும். காடு அழிந்த தரையில் முதலில் பெரணிதான் படர்ந்தது. எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய இடங்களில் இன்றைக்கும் முதலில் வரும் செடிகளில் அது ஒன்று. பக்கத்தில் ஏதாவது பல்கலைக்கழகத்தில் மகரந்த ஆய்வு செய்கிறவர் இருந்தால் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்த உயரத்தோடு குறித்துக் கொடுங்கள். நீங்கள் மாதக்கணக்கில் பொறுக்கும் பல்லுக்கு வயது சொல்லப்போவது அந்த மண்தான்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பேலியோசீன் மணற்கல்லில் டைனோசர் பல் கிடைத்தால் உடனே "டைனோசர் தப்பிப் பிழைத்தது" என்று முடிவுகட்ட வேண்டாம். பேலியோசீன் கால ஆறுகள் கீழே இருந்த பழைய அடுக்கை அரித்து அதிலிருந்த பல்லையும் எலும்பையும் வாரிக்கொண்டு போய்த் தங்கள் மணலில் போட்டிருக்கின்றன. மொன்டானாவின் பக் க்ரீக் என்ற இடத்தில் டைனோசர் பல்லும், பேலியோசீனுக்கு உரிய பாலூட்டிப் பல்லும் ஒரே மணலில் கலந்து வந்ததால் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. பழையது புதிதோடு கலந்துவிட்டது என்பதுதான் கடைசியில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். முனையெல்லாம் உருண்டு தேய்ந்த பல் என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் தேயாமல் இருப்பதாலேயே அது அந்தக் காலத்தது என்றும் ஆகிவிடாது, குறுகிய தூரம் உருண்டது பளபளவென்றே இருக்கும். ஒரே எலும்புக்கூட்டின் பல துண்டுகள் சேர்ந்து கிடந்தால் மட்டும் ஓரளவு நம்பலாம்.

சரி, இடம் தெரிந்தாயிற்று. இனி தேடுவது. பழைய ஆற்றுப் படுகையின் அடியில் சின்னக் கூழாங்கல்லும் மண் உருண்டைகளும் படிந்த அடுக்குகள்தான் வளமானவை, ஏனென்றால் தண்ணீர் எடைக்குத் தக்கபடி பிரித்து, பல்லையும் செதிலையும் அங்கே சேர்த்துவைத்திருக்கும். நின்றுகொண்டு தேடினால் ஒன்றும் தெரியாது. முழங்காலில் உட்கார்ந்து, முகத்தைத் தரைக்கு ஒரு முழ உயரத்தில் வைத்து, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ, சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நகருங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல் வெயிலில் மின்னும், சுற்றி உள்ள மணல் மின்னினாலும் அது கண்ணாடி மாதிரி வெட்டுகிற மின்னல், எனாமலின் பளபளப்பு எண்ணெய் தடவியது போல மென்மையானது. இந்த வேறுபாட்டைக் கண் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அப்புறம் விடாது.

முதலில் உங்களுக்குக் கிடைப்பது அநேகமாகப் பாலூட்டியாக இருக்காது. சாய்சதுர வடிவில், ஒரு பக்கம் வழவழவென்று மின்னுகிற சின்னத் தகடு கிடைத்தால் அது கார் என்னும் நீள்வாய் மீனின் செதில், அது கிடைக்காத பேலியோசீன் ஆற்றுப்படுகை குறைவு. மேற்பரப்பு முழுக்கக் குழி குழியாக இருக்கும் தட்டைத் துண்டு மெல்லோட்டு ஆமை. கூம்பு வடிவில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும் பல் முதலை வகையுடையது, ஆனால் சாம்ப்சோசர் என்று முதலை போலவே வாய் நீண்ட இன்னொரு விலங்கும் இருந்தது, அதன் பல்லின் அடிப்பகுதியில் எனாமல் உள்ளே மடிந்து மடிந்து போயிருக்கும். இவையெல்லாம் விண்கல் விழுந்த பிறகும் பிழைத்த நன்னீர் விலங்குகள். கார் மீனும் ஆமையும் முதலையும் இன்னும் இருக்கின்றன. இவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். யார் தப்பினார்கள் என்பது யார் செத்தார்கள் என்பதற்குச் சமமான கேள்வி, ஆற்றிலும் குளத்திலும் வாழ்ந்தவை நிலத்தில் வாழ்ந்தவற்றைவிட அதிகமாகத் தப்பின என்று நமக்குத் தெரிவதே இப்படிப்பட்ட துண்டுகளை எண்ணியதால்தான்.

எறும்புப் புற்றைக் கண்டால் நில்லுங்கள். அமெரிக்காவின் மேற்கு வறண்ட நிலத்தில் அறுவடை எறும்புகள் புற்றின் மேல் சிறு கற்களைக் கொண்டுவந்து போர்த்திவைக்கும், அதற்கு அவை தேர்ந்தெடுக்கும் அளவு ஏறக்குறைய ஒரு சின்னப் பாலூட்டியின் பல் அளவு. புதைபடிவச் சேகரிப்பாளர் ஜான் பெல் ஹாட்சர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயோமிங்கில் டைனோசர் கால அடுக்குகளில் எறும்புப் புற்றுகளைச் சலித்தே நூற்றுக்கணக்கான பாலூட்டிப் பற்களைச் சேர்த்தார். இன்றைக்கும் அனுபவசாலிகள் புதிய பகுதிக்குப் போனால் முதலில் புற்றைத்தான் பார்ப்பார்கள், பல் இருந்தால் அந்தச் சரிவில் எங்கோ வளமான அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மேலோட்டமாக ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், புற்றைச் சிதைக்க வேண்டாம், கடியும் சாதாரணமாக இருக்காது.

வளமான அடுக்கு தெரிந்துவிட்டால் இனி சல்லடைதான். நீருக்குள் சல்லடையை வைத்து மண்ணைக் கரைக்கும் முறையை 1940களில் முறைப்படுத்திப் பரப்பியவர் கிளாட் ஹிப்பர்ட். பேலியோசீன் பாலூட்டிகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த முறையால் வந்தது. செய்முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல்லை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

மண்ணை அள்ளி வந்ததும் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. முதலில் நன்றாகக் காய வேண்டும், உள்ளே வரைக்கும். ஈரக் களிமண் தண்ணீரில் கரையவே கரையாது, காய்ந்த களிமண்தான் தண்ணீரைக் குடித்து உள்ளிருந்து வெடித்துத் தளரும். காய்ந்ததை வாளியில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அப்படியும் கரையாத அடம்பிடித்த களிமண் என்றால், மறுபடி காயவைத்து மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மண்ணெண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிசுபிசுவென்று உடையும். இதைத் திறந்தவெளியில், நெருப்புக்குத் தூரமாக மட்டும் செய்யுங்கள், வடித்த மண்ணெண்ணெயை ஓடையில் கொட்டாதீர்கள். அப்புறம் சல்லடை. கொசுவலைக் கம்பி போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது பெரிய மீன் செதிலுக்குச் சரி. பர்கடோரியஸ் என்ற, குரங்கினத்தின் மிகப் பழைய உறவாகக் கருதப்படும் விலங்கின் கடைவாய்ப்பல் ஒரு கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சுமார் 2 மில்லிமீட்டர், உடைந்த பாதி என்றால் இன்னும் சின்னது. எனவே மேலே ஓர் அகலக் கண் சல்லடை, அடியில் அரை மில்லிமீட்டர் கண் சல்லடை என்று இரண்டு வையுங்கள். மண்ணைக் கையால் தேய்க்கவே கூடாது. சல்லடையைத் தண்ணீருக்குள் பாதி மூழ்கவைத்து மேலும் கீழும் மெதுவாக அசைத்தால் களிமண் தானே புகையாகக் கரைந்து இறங்கும்.

எஞ்சியதை நிழலில் உலர்த்தி, அளவு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எல்லா அளவும் கலந்திருந்தால் கண் பெரியதையே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்புத் தட்டில் ஒற்றை மணல் அடுக்காகப் பரப்பி, பத்து மடங்கு லென்ஸ் அல்லது சாதாரண ஆய்வக நுண்ணோக்கியின் கீழ், நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு வரிசை முடித்தால் தட்டைத் திருப்பி எதிர்த் திசையிலிருந்து இன்னொரு முறை பாருங்கள், ஒரு பக்கம் மணலாகத் தெரிந்தது இன்னொரு பக்கம் பல்லாக இருக்கும். கைக்கு வந்ததை ஈரத் தூரிகை நுனியில் ஒட்டி எடுத்து ஜெலட்டின் குப்பியில் போட்டு, அந்த நிமிடமே சீட்டு எழுதிவிடுங்கள். கண் சோர்ந்தால் நிறுத்திவிட வேண்டும், சோர்ந்த கண்ணால் பார்த்த தட்டை மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

பல் கையில் இருக்கிறது, யாருடையது? ஊர்வன, மீன்கள் ஆகியவற்றின் பல் பெரும்பாலும் ஒற்றை முனை. பாலூட்டியின் கடைவாய்ப்பல்லில் பல மேடுகள், நடுவில் பள்ளம், அடியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வேர். இது தெரிந்தாலே பாதித் தூரம் வந்தாயிற்று. மேடுகள் இரண்டு மூன்று நேர் வரிசையாக நீளவாக்கில் அடுக்கியிருந்தால் அது மல்டிடியூபர்குலேட் என்ற குழு, இன்று வாரிசே இல்லாத பாலூட்டிகள். டைனோசர் காலத்திலேயே இருந்து, விண்கல்லையும் தாண்டி, பேலியோசீனுக்கு அடுத்த காலமான இயோசீனின் கடைசி வரை வாழ்ந்து அப்புறம் முற்றாக மறைந்தன. டைலோடஸ் போன்றவற்றின் கீழ்த் தாடையில் ஒரே ஒரு பல் மட்டும் பிறை வடிவக் கத்தியாக எழும்பி, அதன் பக்கங்களில் இணையான வரிகள் ஓடும், ஒருமுறை பார்த்தவர்கள் உடைந்த துண்டிலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். மேல்பல்லில் மூன்று மேடுகள் முக்கோணமாகவும், கீழ்ப்பல்லில் முன்னே உயர்ந்த முக்கோணமும் பின்னே தாழ்ந்த கிண்ணமும் இருந்தால் அது நம் பக்கத்து உறவு, மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் கிண்ணத்தில் இறங்கி இடித்து அரைக்கும். முக்கோணம் ஊசியாகக் கூர்ந்திருந்தால் பூச்சி தின்றது. மேடுகள் தாழ்ந்து, மழுங்கி, பருத்து, கிண்ணம் அகன்றிருந்தால் பழமும் இலையும் தின்னத் தொடங்கியது. பேலியோசீனின் அடியிலிருந்து மேலே போகப் போக இந்த மாற்றம் பல்லிலேயே தெரியும், எனக்கு இந்தக் காலகட்டத்தின் மிகப் பெரிய கவர்ச்சியே அதுதான். பாலூட்டிகள் காலியாகிக் கிடந்த தட்டை எப்படி ஒவ்வொன்றாகப் பங்குபோட்டுக்கொண்டன என்பதை ஒரு தீப்பெட்டியில் அடங்கும் பற்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

வயதுக்கும் பல்தான் வழிகாட்டி. வட அமெரிக்காவில் பேலியோசீனைப் பியூர்கன், டோரிஜோனியன், டிஃபானியன் முதலான காலங்களாகப் பாலூட்டிகளை வைத்தே பிரிக்கிறார்கள், முதல் இரண்டும் நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் படுகையில் 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் எட்வர்ட் ட்ரிங்கர் கோப் காலத்திலிருந்து அறியப்பட்ட அடுக்குகளின் பெயர், மூன்றாவது கொலராடோவின் டிஃபானியிலிருந்து வந்தது. உங்கள் பல் எதுவென்று இனம் தெரியாவிட்டாலும், படம் எடுத்து அந்தந்தக் காலத்துப் பல்வரிசையோடு ஒப்பிட்டால் வட்டம் சுருங்கும். படம் எடுக்கும்போது கடிக்கும் பரப்பு நேராக மேலே பார்க்கும்படி வைத்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, இரண்டிலும் மில்லிமீட்டர் அளவுகோல். மேலேயிருந்து எடுத்த படம் இல்லாமல் எந்த நிபுணராலும் எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம் உருண்டைக் கற்கள். முழு மண்டையோடு கிடைப்பது மிக மிக அபூர்வம் என்றுதான் பேலியோசீனை ஆராய்கிறவர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குக் கிழக்கே கோரல் ப்ளஃப்ஸ் என்ற மலைச்சரிவில் டென்வர் அருங்காட்சியகத்தின் டைலர் லைசனும் குழுவும் 2016இல் தேடும் பொருளையே மாற்றினார்கள். வெள்ளை எலும்புத் துண்டைத் தேடுவதை விட்டுவிட்டு, அழுக்கு நிறத்தில் ஒழுங்கில்லாமல் உருண்ட கற்கட்டிகளைத் தேடினார்கள், தென்னாப்பிரிக்காவில் இப்படித்தான் தேடுவார்கள். எலும்பைச் சுற்றித் தாதுக்கள் கட்டியாகிக் கல்லாக இறுகியிருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே மண்டையோட்டின் குறுக்குவெட்டு. ஒன்றன்பின் ஒன்றாக மண்டையோடுகள் வந்தன. 2019 அக்டோபரில் வெளியான அவர்களின் ஆய்வில் முதல் பத்து லட்சம் ஆண்டுகளின் வரிசை முழுதாக இருக்கிறது. அழிவுக்குப் பின் எலி அளவு விலங்குகள்தான் மிஞ்சின. ஒரு லட்சம் ஆண்டுகளில் ரக்கூன் அளவுக்கு வந்தன. 3 லட்சம் ஆண்டுகளில் கார்சியோப்டிகஸ் போன்றவை 20 கிலோவைத் தாண்டின, அதே சமயத்தில் அக்ரூட் குடும்ப மரங்களின் மகரந்தம் பெருகுகிறது. 7 லட்சம் ஆண்டுகளில் அவரைக் குடும்பத்தின் காய் படிவம் வருகிறது, விலங்குகள் 50 கிலோவை நெருங்குகின்றன. புரதம் நிறைந்த விதை வந்ததும் உடல் பெருத்தது என்று அந்தக் குழு சொல்கிறது. எனக்கு இந்த இணைப்பு நம்பத் தகுந்ததாகவே படுகிறது, ஆனால் இது ஒரே படுகையின் சாட்சி என்பதை மறக்கக் கூடாது. அந்தச் சரிவு பொதுமக்கள் இஷ்டப்படி நுழையும் இடமல்ல. கற்றுக்கொள்ள வேண்டியது முறையை. உங்கள் பகுதியில் எலும்பு வருகிற அடுக்கில் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாத கட்டிகள் இருந்தால் அவற்றின் உடைந்த முகங்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நிறம் மாறிய கோடு, தேன்கூடு போன்ற நுண்துளை, மின்னும் பல்லின் விளிம்பு ஏதாவது ஒன்று தெரியும். தெரிந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள், இரண்டாவது அடி ஆய்வகத்தில் நடக்க வேண்டியது.

எலும்பே இல்லாத சாம்பல் நிறக் களிக்கல்லை விட்டுவிடாதீர்கள், இலை அதில்தான் இருக்கும். அடுக்கின் போக்கிலேயே உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் பக்கம் பக்கமாகப் பிரியும். இரண்டு பாதியையும் சேர்த்து எண் போட்டு வையுங்கள். இலையின் ஓரத்தைப் பாருங்கள், வழவழப்பா, ரம்பப் பல் போல வெட்டியதா? ஓர் இடத்தில் கிடைக்கும் மர இலை வகைகளில் வழவழ ஓரம் உள்ளவற்றின் பங்கு கூடினால் அங்கே வெப்பம் அதிகம், இதை 1915இலேயே பெய்லி, சின்னட் என்ற தாவரவியலாளர்கள் கவனித்து எழுதிவிட்டார்கள். இலைகளின் எண்ணிக்கையை அல்ல, வகைகளை எண்ண வேண்டும், இதைக் குழப்பிக்கொண்டால் கணக்கே போச்சு. கூர்ந்து நீண்ட நுனி இருந்தால் அது மழைநீர் வடிவதற்கு, அடைமழைக் காட்டின் அடையாளம். கொலராடோவின் காசில் ராக் நகரத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இப்படிப்பட்ட இலைகள் குவிந்த ஒரு மழைக்காடு கிடைத்தது, வயது சுமார் 6.4 கோடி ஆண்டுகள். அழிவு முடிந்து 20 லட்சம் ஆண்டுகளுக்குள் அவ்வளவு வகைகளா என்று எல்லோரும் திகைத்தார்கள். பூச்சி கடித்த ஓட்டை, சுரங்கம் போட்ட கோடு இருந்தால் அதையும் எழுதுங்கள், யாரும் கண்டெடுக்காத பூச்சிக்கு அது ஒன்றுதான் சாட்சி.

கொலம்பியாவின் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் 5.8 முதல் 6 கோடி ஆண்டுப் பழைய மழைக்காட்டு இலைகளோடு ஒரு முதுகெலும்புத் துண்டும் வந்தது. முதலை என்று சீட்டு ஒட்டி வைத்திருந்ததைப் பிறகு ஃபுளோரிடாவில் ஆராய்ந்தபோது பாம்பு என்று தெரிந்தது. அதுதான் 2009இல் பெயர் பெற்ற டைட்டனோபோவா, சுமார் 13 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கும் மேல் எடை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பாம்பு முள்ளெலும்பின் முன்பக்கம் குழி, பின்பக்கம் உருண்டை, இன்றைய முதலைக்கும் அப்படித்தான், அதனால் குழம்புவது எளிது. பாம்பில் அதற்கும் மேல் நரம்புத் துளைக்கு மேலே ஆப்பு மாதிரி ஒரு கூடுதல் மூட்டு இருக்கும், அதைத் தேடுங்கள். அளவை வைத்து ஒருநாளும் முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

கடல் பேலியோசீன் தேடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். வாஷிங்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் மேரிலாந்தின் பொட்டோமாக் நதிக்கரையில் பர்ஸ் பூங்காப் பகுதிக்குப் போகலாம், அக்வியா அடுக்கின் சுறாப் பற்களை நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கரையில் நடந்தே பொறுக்கலாம். கரைச் சரிவைத் தோண்டக் கூடாது, தலைமேல் சரியும். தடித்த வேர், வழவழ விளிம்பு, இரு பக்கமும் குட்டி முனைகள் என்றால் ஓடோடஸ் என்ற அழிந்துபோன சுறா. குழந்தைகளோடு தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. வெளியே போக முடியாமல் இணையத்தில் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் வருவது மொரோக்கோவின் பாஸ்பேட் சுரங்கப் பற்கள். அதில் கல்லோடு ஒட்டிய பல் என்று விற்பவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மணலும் பசையும் கலந்து செய்த செயற்கைக் கல் நிறையவே வருகிறது, பல்லைச் சுற்றி மணல் மட்டும் தனி நிறத்தில் இருந்தால் வேண்டாம்.

தமிழ்நாட்டிலேயே இந்த எல்லை இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் ஆற்று மணலும் களிமண்ணுமான கல்லமேடு அடுக்கில் டைனோசர் எலும்புகள் வந்திருக்கின்றன. அதற்கு மேலே நின்னியூர் அடுக்கு, கடல் மறுபடி ஏறிவந்து படிந்த சுண்ணாம்புக்கல், பேலியோசீனின் முதல் பகுதியான டேனியன் காலம். அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்றால், எது இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள கடல் அடுக்குகளில் வரும் அம்மோனைட் என்ற சுருள் ஓடுகள் நின்னியூரில் கிடையாது. அதன் உறவான நாட்டிலஸ் இருக்கிறது. இரண்டும் சுருள்தான், ஆனால் அறைச் சுவர் வெளி ஓட்டோடு சேரும் கோடு அம்மோனைட்டில் இலை ஓரம் போல நெளிந்து நெளிந்து சிக்கலாகப் போகும், நாட்டிலஸில் ஒரு எளிய வளைவு. நின்னியூரில் சொல்லப்பட்டுள்ள ஹெர்கோகிளாசா டானிகா என்ற நாட்டிலஸ் டென்மார்க்கின் ஃபாக்ஸ சுண்ணாம்புக் குவாரியிலும் வருகிறது, டானிகா என்ற பெயரே அந்நாட்டால் வந்தது. அத்தனை தூரம் தள்ளி ஒரே உயிர், ஒரே காலம். சுண்ணாம்புப் பாசிகளும் நின்னியூரில் நிறைய, எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936இலேயே அவற்றை விவரித்தார்கள். அப்போது அதை டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸின் உச்சி என்று வகைப்படுத்தினார்கள், இன்று பேலியோசீன். கல்லின் உடைந்த முகத்தை நனைத்து லென்ஸில் பார்த்தால் பாசியின் வளையங்கள் தெரியும். போவதற்கு முன் வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். குவாரிகள் பொது இடமல்ல, எழுத்தில் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம், வெடி வைக்கும் இடங்கள் அவை.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மத்திய அரசின் நிலத்தில் முதுகெலும்பி எலும்பு, பல் எதுவானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும், 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இலை, சிப்பி போன்ற பொதுவானவற்றைப் பல இடங்களில் சொந்தத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம். டென்மார்க்கில் ஃபாக்ஸ குவாரியில் யாரும் தேடலாம், ஆனால் அறிவியல் மதிப்புள்ளது கிடைத்தால் அரசிடம் கொடுத்தாக வேண்டும், அரசு அதற்குப் பணம் தரும். எல்லா நாட்டிலும் இப்படி இருந்தால் எவ்வளவோ காப்பாற்றப்படும்.

கடைசியாகக் குறிப்பேடு. இடத்தின் ஜிபிஎஸ் எண், தெரிந்த ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் மேலே, பாறையின் வகை, பாறைக்குள் பதிந்திருந்ததா அல்லது சரிவில் உதிரியாகக் கிடந்ததா, தேதி. உதிரி என்றால் உதிரி என்றே எழுதுங்கள், மேலே எந்த அடுக்கிலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். இந்த நான்கைந்து விவரம் இல்லாத அழகான பல்லைவிட, இவை எழுதிய அரைப் பல் பல மடங்கு பயனுள்ளது. விரிசல் விட்ட எலும்பில் கடைப் பசையை ஊற்றாதீர்கள், பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அதைப் பிறகு கரைத்து எடுத்துவிடலாம். தாடையோ மண்டையோடோ பாறைக்குள் இருப்பது தெரிந்தால் தொடாமல், அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மழை அடிக்காதபடி மண்ணால் லேசாக மூடிவிட்டு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அன்றைக்கே எழுதுங்கள்.